கல் தூள் போட்டால் கார்பன் காசு வருமா? திண்டிவனம் கிரஷர் தூளும் தக்காண எரிமலைக் கல்லும்

2025 ஏப்ரல் 23-ம் தேதி ஒரு பெரிய பரிசு அறிவிக்கப்பட்டது. ஈலான் மஸ்க்கின் அறக்கட்டளை பணம் போட, எக்ஸ்பிரைஸ் அமைப்பு நடத்திய கார்பன் அகற்றும் போட்டி அது. முதல் பரிசு 5 கோடி டாலர். நம்ம காசுக்கு 400 கோடி ரூபாய்க்கு மேல். வென்றது 'மாட்டி கார்பன்' என்ற நிறுவனம். 'மாட்டி' என்றால் வடக்கே மண் என்று அர்த்தம்.

இவர்கள் காற்றிலிருந்து கார்பனை உறிஞ்சும் மெஷின் எதையும் கண்டுபிடிக்கவில்லை. இந்தியாவில் சிறு விவசாயிகளின் நெல் வயலில் கருப்புக் கல் தூளைக் கொண்டுபோய்க் கொட்டிப் பரப்பினார்கள். அந்தக் கல்லின் பெயர் பசால்ட். மழையும் மண்ணும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் ஐடியா.

இந்தச் செய்தியைப் படிக்கிற விழுப்புரத்துக்காரருக்கு இயல்பாகவே ஒரு கேள்வி வரும். கல் தூளா? வானூர் தாலுகாவில் திருவக்கரை பக்கம் போனால் கிரஷருக்குக் கிரஷர் மலை மாதிரி குவிந்து கிடக்கிறதே! அதை எடுத்து நம்ம வயலில் போட்டால் நமக்கும் கார்பன் காசு வருமா?

பெரும்பாலும் வராது. 'கருங்கல்' என்ற ஒரே பெயரில் நாம் கூப்பிடுவது ஒரே பொருள் கிடையாது. ஜல்லியாக உடைகிற கல்லுக்கும், பரிசு வாங்கிக் கொடுத்த கல்லுக்கும் பிறப்பே வேறு. ஆனால் இதே மாவட்டத்தில் அந்தப் பரிசுக் கல்லுக்குச் சொந்தக்காரக் கல் ஒன்றும் இருக்கிறது. அதை வேறு பெயரில், வேறு விலைக்கு விற்றுக்கொண்டிருக்கிறோம்.

மழை என்ன செய்கிறது?

மழைத்துளி காற்றில் இறங்கும்போதே கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மிக லேசான அமிலமாக மாறுகிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சு விடுவதால் அங்கே இந்த வாயு இன்னும் அதிகம். இந்த அமிலம் பாறைத் தூளைத் தொட்டால் அதிலிருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் மெல்லக் கரைந்து வெளியே வரும். கார்பன் டை ஆக்சைடு பைகார்பனேட்டாக மாறி அவற்றுடன் தண்ணீரில் தங்கிவிடும். நம்ம பக்கம் என்றால் அந்தத் தண்ணீர் சங்கராபரணி ஆற்றில் இறங்கி, புதுச்சேரி அருகே கடலில் சேரும். கடலுக்குப் போன கார்பன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குத் திரும்பி வராது.

இது புது கண்டுபிடிப்பு இல்லை. பூமி கோடிக்கணக்கான ஆண்டுகளாக இப்படித்தான் தன் சூட்டைக் கட்டுப்படுத்தி வருகிறது. கல்லைப் பொடியாக்கிப் போட்டால் தண்ணீர் படும் பரப்பு பல மடங்கு கூடும், அதனால் வேகமும் கூடும் என்பதுதான் இப்போது சேர்ந்திருக்கும் சங்கதி. 2020-ல் 'நேச்சர்' இதழில் டேவிட் பீர்லிங் குழு வெளியிட்ட கணக்குப்படி, இந்தியா, சீனா, அமெரிக்கா, பிரேசில் போன்ற நாடுகளின் விளைநிலங்களில் இதைச் செய்தால் ஆண்டுக்கு 50 கோடி முதல் 200 கோடி டன் வரை கார்பன் டை ஆக்சைடை அகற்றலாம். மேலே சொன்னதைக் கவனித்தால் ஒன்று புரியும். கல்லில் கால்சியமும் மெக்னீசியமும் நிறைய இருக்க வேண்டும், அவை சுலபமாகக் கழன்று வர வேண்டும். இந்த இரண்டிலும்தான் பசால்ட் ஜெயிக்கிறது.

பசால்ட்டுக்குள் என்ன இருக்கிறது?

மகாராஷ்டிரா, குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகாவின் வடக்கு, தெலங்கானாவின் மேற்கு என்று இன்றைக்கும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் இந்தக் கருப்புக் கல் விரிந்து கிடக்கிறது. தமிழ்நாட்டைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. எல்லோராவும் அஜந்தாவும் குடையப்பட்டது இதில்தான். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், மலை உச்சியிலிருந்து பீறிடும் எரிமலையாக இல்லாமல், தரையில் நீளமாகக் கிழிந்த பிளவுகள் வழியே வெள்ளம் மாதிரி வழிந்து பரவிய குழம்பு இது. அதனால்தான் இதை வெள்ள பசால்ட் என்கிறார்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் படிக்கட்டு போலத் தெரியும் என்பதால், படிக்கட்டைக் குறிக்கும் ஸ்வீடன் மொழிச் சொல்லிலிருந்து 'டிராப்' என்ற பெயரும் வந்தது.

(அந்தக் காலத்தில் நம்ம ஊர் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டால், வழுதாவூர் பக்கம் கடல் இருந்தது. டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டத்தில் அங்கே படிந்த அம்மோனைட் புதைபடிவங்களை 1846-லேயே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் லண்டனில் விவரித்து எழுதியிருக்கிறார்.)

இந்தக் கல்லை மெல்லிய சீவலாக வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முக்கியமாக இரண்டு கனிமங்கள் தெரியும். ஒன்று பிளேஜியோகிளேஸ், கால்சியம் கலந்த ஒரு வகை ஃபெல்ட்ஸ்பார். இன்னொன்று பைராக்சீன். இதில் கால்சியம், மெக்னீசியம், இரும்பு மூன்றும் உண்டு. சில அடுக்குகளில் ஒலிவின் என்ற பச்சைக் கனிமம் கொஞ்சம் இருக்கும். கருப்பு நிறத்துக்கு உதவும் மேக்னடைட், இல்மனைட் துணுக்குகள், படிகமாகக்கூட நேரமில்லாமல் உறைந்துபோன கண்ணாடி ஆகியவையும் இருக்கும். தனியாக குவார்ட்ஸ், அதாவது வெங்கச்சங்கல், ஏறக்குறைய கிடையாது.

வேதியியல் கணக்கில் சொன்னால், மகாபலேஷ்வர் பக்கத்து 'அம்பேனலி' அடுக்கு போன்ற ஒரு மாதிரி தக்காண பசால்ட்டில் சிலிக்கா சுமார் 49 சதவீதம். கால்சியம் ஆக்சைடு 10 சதவீதத்தை ஒட்டி, மெக்னீசியம் ஆக்சைடு 5 முதல் 6 சதவீதம், இரும்பு ஆக்சைடு 13 சதவீதம் அளவில். டைட்டானியம் ஆக்சைடு 2 சதவீதத்துக்கு மேல். பொட்டாசியம் அரை சதவீதத்துக்கும் கீழே. இந்த டைட்டானியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இந்தக் கலவை எப்படி வந்தது?

பூமியின் மேலோட்டுக்குக் கீழே மேன்டில் என்ற தடித்த அடுக்கு. நிறைய பேர் அங்கே குழம்பு கொதித்துக்கொண்டிருப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் அது திடப் பாறை. 1,300 டிகிரிக்கு மேல் சூடு இருந்தும் உருகுவதில்லை, காரணம் அழுத்தம். குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறதல்லவா? வெயிட்டைத் தூக்கிவிட்டால் அதே சூட்டில் சட்டென்று கொதித்துப் பொங்கும். மேன்டிலிலும் அதேதான். ஆழத்திலிருந்து சூடான பாறை மெல்ல மேலே எழும்பும்போது அழுத்தம் குறைகிறது, புதிதாக நெருப்பு வைக்காமலேயே அது உருக ஆரம்பிக்கிறது. தக்காணத்துக்குக் கீழே அன்று எழும்பியது, இன்று ரீயூனியன் தீவில் எரிமலையாகப் புகையும் அதே சூட்டுத் தூண் என்பதுதான் பெரும்பாலான புவியியலாளர்களின் கருத்து.

ஆனால் முழுப் பாறையும் உருகுவதில்லை. கடலை மிட்டாயை வெயிலில் வைத்தால் வெல்லப்பாகு இளகி வழியும், கடலை அப்படியே நிற்கும். வழிந்த பாகில் இருப்பதும் மிட்டாயில் இருந்ததும் ஒரே கலவை இல்லை, இல்லையா? மேன்டில் பாறையில் மெக்னீசியம் ஆக்சைடு 38 சதவீதம் வரை இருக்கும். அதில் ஒரு பங்கு மட்டும் உருகி வழியும்போது கால்சியமும் அலுமினியமும் இரும்பும் டைட்டானியமும் உருகலுக்குள் அதிகமாக வந்துவிடுகின்றன. மெக்னீசியத்தில் பெரும்பகுதி கீழேயே தங்கிவிடுகிறது.

மேலே வரும் வழியிலும் கலவை மாறுகிறது. மேலோட்டின் அடியில் குழம்பு தேங்கி ஆறும்போது முதலில் ஒலிவின் படிகமாகித் தனியே பிரிகிறது, மெக்னீசியம் இன்னும் குறைகிறது. பிறகு பைராக்சீன், பிளேஜியோகிளேஸ். தரைக்கு வந்துசேரும்போது மெக்னீசியம் 5, 6 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். அதாவது தக்காண பசால்ட் மேன்டிலின் நேரடிச் சாறு அல்ல, பாதி வடிகட்டிய சாறு.

இன்னொரு கலப்படமும் உண்டு. மேலே ஏறும் குழம்பு வழியிலுள்ள பழைய கிரானைட் பாறையைக் கொஞ்சம் கரைத்துச் சேர்த்துக்கொள்ளும். தக்காணத்திலேயே 'புஷே' என்ற அடுக்கில் இந்தக் கலப்படம் மிக அதிகம், அம்பேனலியில் மிகக் குறைவு. ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தின் ஐசோடோப் விகிதத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எனவே 'தக்காண பசால்ட்' என்பதும் ஒரே சரக்கு கிடையாது. எந்த அடுக்கில் எடுத்தது என்பதைப் பொறுத்து கார்பன் கணக்கும் மாறும்.

அந்தப் பழைய பாறை எது என்று கேட்டால்தான் கதை நம்ம ஊருக்குத் திரும்புகிறது. நிலநடுக்க ஆய்வுக்காக மகாராஷ்டிராவின் கொய்னாவில் துளை போட்டபோது, சுமார் 930 மீட்டர் ஆழத்தில் பசால்ட் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே வந்தது கிரானைட் நைஸ் பாறை. விழுப்புரத்தில் தரையிலேயே நிற்கிற பழைய பாறைகளின் கூட்டாளி அது.

திருவக்கரையில் உடைப்பது என்ன கல்?

திண்டிவனம், வானூர், செஞ்சி வட்டாரத்தில் அடித்தளமாக இருப்பது சார்னோகைட், நைஸ், கிரானைட் வகைகள். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். செஞ்சிக் கோட்டை நிற்கும் பாறாங்கல் குன்றுகளும் இந்தக் குடும்பம்தான். சார்னோகைட் என்ற பெயர் வந்ததே தமிழ்நாட்டுக் கல்லால். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் பல்லாவரத்துக் கல்லும் ஒன்று என்று பார்த்த தாமஸ் ஹாலந்து, அவர் பெயரையே அந்தப் பாறைக்கு வைத்துவிட்டார்.

இந்தக் கல்லில் குவார்ட்ஸும், சோடியம், பொட்டாசியம் கலந்த ஃபெல்ட்ஸ்பாரும்தான் அதிகம். சிலிக்கா 65 முதல் 70 சதவீதம் வரை போகும். கால்சியம் ஆக்சைடு 2, 3 சதவீதம், மெக்னீசியம் ஆக்சைடு 1 சதவீதம் அளவில்தான் பெரும்பாலும் இருக்கும். கட்டடத்துக்கு இது அருமையான ஜல்லி. ஏன் அருமை? சீக்கிரம் கரையாது, சிதையாது. கார்பன் வேலைக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரான குணம்.

கொஞ்சம் கணக்குப் போடலாம். ஒரு டன் பசால்ட்டில் 105 கிலோ கால்சியம் ஆக்சைடு, 55 கிலோ மெக்னீசியம் ஆக்சைடு என்று வைத்துக்கொண்டால், அவை முழுசாகக் கரைந்து கார்பனேட்டாகப் படிந்தால் சுமார் 140 கிலோ கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும். பைகார்பனேட்டாகவே கடலுக்குப் போனால் அதிகபட்சம் 280 கிலோ. அதே கணக்கில், 30 கிலோ கால்சியம் ஆக்சைடும் 10 கிலோ மெக்னீசியம் ஆக்சைடும் உள்ள நம்ம ஜல்லிக்கல் தூள் ஒரு டன்னுக்கு 35 முதல் 70 கிலோ. கால் பங்கு. இதுவும் காகிதக் கணக்குதான், எல்லாம் கரைந்தால் என்ற உச்சவரம்பு.

கரையும் வேகத்தைச் சேர்த்தால் இடைவெளி இன்னும் பெரிதாகும். 1938-ல் கோல்டிச் என்ற அமெரிக்கப் புவியியலாளர் ஒரு வரிசையைக் காட்டினார். குழம்பு ஆறும்போது அதிகச் சூட்டில் முதலில் உருவாகும் கனிமங்கள்தான் மழையில் முதலில் சிதையும். ஒலிவின், கால்சியம் பிளேஜியோகிளேஸ், பைராக்சீன் முன்னால். பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் பின்னால். குவார்ட்ஸ் கடைசி. கடற்கரையில் மணலாக மிஞ்சுவது பெரும்பாலும் குவார்ட்ஸ் என்பதைப் பார்த்தாலே இது புரியும்.

அந்தக் குவார்ட்ஸால் வேறு ஆபத்தும் உண்டு. மிக நுண்ணிய குவார்ட்ஸ் தூள் நுரையீரலுக்குப் போனால் சிலிகோசிஸ். கிரஷர் தொழிலாளிகளுக்கு இது தெரிந்த நோய். கார்பன் பெயரைச் சொல்லி அதே தூளை மாவாக அரைத்து வயலில் தூவினால், தூவுகிற கூலியாளின் மூச்சுக்குள் அது போகும். வெறும் 35 கிலோ கணக்குக்காக இதைச் செய்யலாமா? என்னைக் கேட்டால் கூடாது.

அப்போ அந்தச் சொந்தக்காரக் கல்?

கிச்சன் மேடைக்கும் கல்லறைக்கும் போடுகிற 'பிளாக் கிரானைட்' ஞாபகம் இருக்கிறதா? வெளிநாட்டுச் சந்தையில் 'குன்னம் பிளாக்' என்று பெயர் எடுத்த ரகம் விழுப்புரம் மாவட்டக் குன்னத்திலிருந்து போகிறது. வியாபாரத்தில் அது கிரானைட். புவியியலில் கிரானைட்டே கிடையாது, அது டோலரைட். பசால்ட் குழம்பு தரைக்கு வராமல், பழைய பாறையின் பிளவுக்குள்ளேயே சிக்கி ஆறினால் கிடைப்பது. நீளமான சுவர் மாதிரி நிற்கும் இந்தப் பாறைகளை 'டைக்' என்பார்கள். சாம்பல் நிறப் பாறைக்குள் கரும்பட்டையாகத் தனியே தெரியும்.

கனிமங்கள் அதேதான்: கால்சியம் பிளேஜியோகிளேஸ், பைராக்சீன், இரும்பு-டைட்டானியம் ஆக்சைடுகள். ஆனால் தக்காணத்துக்கும் இதற்கும் உறவு இல்லை. தென்னிந்திய டைக்குகள் பெரும்பாலும் நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையவை. பெங்களூரு பக்கத்து டைக் கூட்டத்துக்கு 237 கோடி ஆண்டு. இப்படிப்பட்ட டைக் கூட்டங்களை, மேலே வழிந்த குழம்பு முழுதும் அரித்துப் போன பிறகு மிஞ்சிய குழாய்களாகத்தான் புவியியலாளர்கள் பார்க்கிறார்கள். தக்காணம் மாதிரி ஒரு பரப்பின் மேல்தளம் போய், கீழ் பைப் மட்டும் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பிளாக் கிரானைட் குவாரியில் வெட்டியதெல்லாம் ஸ்லாப் ஆகாது. விரிசல், வெள்ளைக் கோடு, நிற வித்தியாசம் இருந்தால் பிளாக்கைத் தள்ளிவிடுவார்கள். அந்தக் கழிவு குவாரி ஓரத்திலேயே கிடக்கும். கார்பன் கல் தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது திருவக்கரை கிரஷர் தூளை அல்ல, இந்தக் கழிவுக் குவியலைத்தான். வெளியூர்க் கல்லைக் கொண்டுவருவதில் லாபம் குறைவு. மேற்கே விகாராபாத் ஆனாலும், தக்காணக் குழம்பின் கிழக்குத் துண்டு நிற்கும் ராஜமுந்திரி ஆனாலும் திண்டிவனத்திலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர். லாரி ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் இழுக்க 60 முதல் 100 கிராம் வரை கார்பன் டை ஆக்சைடு விடும் என்றால், வந்துசேரும் முன்பே டன்னுக்கு 40 முதல் 70 கிலோ புகை.

டோலரைட்டிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. நிலத்தடியில் மெதுவாக ஆறியதால் படிகங்கள் பெரிது, எரிமலைக் கண்ணாடி கிடையாது, அதனால் பசால்ட்டைவிட நைஸாக அரைக்க வேண்டியிருக்கும். அரைக்க கரண்ட் செலவாகும். நிக்கல், குரோமியம் அளவையும் பார்த்தாக வேண்டும். சேலம் சுண்ணாம்புக் கரட்டில் கிடைக்கும் டூனைட் கல் மெக்னீசியத்தில் எல்லாவற்றையும் தோற்கடிக்கும், கரையும் வேகமும் அதிகம். ஆனால் அந்த வகைக் கல்லில் நிக்கல் பசால்ட்டைவிடப் பல மடங்கு. சோறு விளைகிற வயலில் அதைக் கொட்ட நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

விவசாயிக்கு என்ன கிடைக்கும்?

இங்கேதான் ஏமாற வாய்ப்பு அதிகம். திண்டிவனம் நிலக்கடலை ஊர். வேளாண் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது, டி.எம்.வி. ரகங்களில் உள்ள 'டி' திண்டிவனம்தான். கடலைக்குக் காய் பிடிக்கும் சமயத்தில் கால்சியம் வேண்டும். அதனால்தான் 40-45 நாளில் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்கிறார்கள். "எங்க தூளில் 10 சதவீதம் கால்சியம் இருக்கு, ஜிப்சமே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜிப்சத்தின் கால்சியம் தண்ணீர் பட்டதும் கரையும். பசால்ட்டின் கால்சியம் சிலிக்கேட் படிகத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது, வெளியே வர வருடக்கணக்கில் ஆகும். நூறு நாள் பயிர் அதுவரைக்கும் காத்திருக்காது.

மண்ணையும் பார்க்க வேண்டும். அமிலத் தன்மை உள்ள மண்ணில்தான் தூள் வேகமாகக் கரையும், மண்ணுக்கும் பலன் அதிகம். பி.எச். ஏற்கெனவே 8-ஐத் தாண்டிய நிலத்தில் போட்டால் மிகக் குறைவு. மண் பரிசோதனை அட்டையில் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

கார்பன் காசு என்பது தூள் போட்டதற்குக் கிடைப்பதல்ல, கரைந்ததை நிரூபித்தால் கிடைப்பது. அதற்குத்தான் முன்னால் சொன்ன டைட்டானியம். கால்சியமும் மெக்னீசியமும் கரைந்து போய்விடும், டைட்டானியம் கரையாமல் மண்ணிலேயே உட்கார்ந்துவிடும். ஒன்றிரண்டு வருடம் கழித்து மண் எடுத்து இரண்டின் விகிதத்தைப் பார்த்தால், எவ்வளவு தூள் போட்டார்கள், அதில் எவ்வளவு கரைந்தது என்று கணக்குப் போடலாம். பசால்ட்டில் டைட்டானியம் 2 சதவீதத்துக்கு மேல் என்பதால் இது வேலை செய்கிறது. ஜல்லிக்கல்லில் டைட்டானியம் மிகக் குறைவு, சாதாரண மண்ணோடு கலந்துவிட்டால் பிரித்துப் பார்ப்பதே கஷ்டம். ஆக, நம்ம கிரஷர் தூள் கார்பனையும் பெரிதாகப் பிடிக்காது, பிடித்ததைச் சுலபமாகக் காட்டவும் முடியாது.

பரிசு வென்ற நிறுவனம் தூளை விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறது, கார்பன் கிரெடிட்டை விற்பது நிறுவனம். இந்த ஏற்பாட்டில் தப்பு இல்லை. ஆனால் நாளைக்கு உங்கள் ஊருக்கு யாராவது லாரியோடு வந்தால், அல்லது ஊரில் இருக்கும் அப்பா போன் பண்ணி "கல் தூள் போடலாமாடா?" என்று கேட்டால், கேட்க வேண்டியவை தெளிவு: எந்தக் குவாரிக் கல், ஆக்சைடு சதவீத ரிப்போர்ட் எங்கே, நிக்கல்-குரோமியம் எவ்வளவு, குவார்ட்ஸ் எவ்வளவு, கிரெடிட்டில் நிலத்துக்காரர் பங்கு என்ன, எத்தனை வருடம் வந்து மண் எடுப்பார்கள். தூளுக்கு நம்மிடமே காசு கேட்டால் அது கார்பன் திட்டம் இல்லை, கிரஷர் குவியலைக் காலி செய்யும் வேலை. ரிப்போர்ட் கைக்கு வரும்வரை லாரி ரோட்டிலேயே நிற்கட்டும்.